உள்ளங்காலையும் ஒரு படம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் கோடை வெயிலும் தோல் புற்றுநோயும் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். கடற்கரையில் தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரப் பெண், கையில் சன்ஸ்கிரீன் டியூப். கட்டுரையில் பெரிதாகத் தப்பு ஒன்றும் இல்லை, ஒரே ஒரு வரியைத் தவிர. நம்மைப் போன்ற கருத்த தோல்காரர்களுக்கு மெலனின் என்ற தோல் நிறமியே கவசம், அதனால் கவலைப்பட வேண்டாம் என்று கடைசிப் பத்தியில் இருந்தது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் போகும். எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், உள்ளங்கால் விஷயத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் டாக்டர் இல்லை. பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்க்கடையில் முப்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். இப்போது விரலை வைத்தால் எந்திரமே பதிந்துகொள்கிறது, ஆனால் நான் தொழிலுக்கு வந்த காலத்தில் மைப்பெட்டியும் கைநாட்டும்தான். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் பெருவிரலைப் பிடித்து, மையில் லேசாக ஒற்றி, நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை உருட்டி எடுக்க வேண்டும். அழுத்தினால் அப்பிக்கொள்ளும். சரியாக எடுத்தால் ரேகையின் மேடுகள் மட்டும் கறுப்பாக விழும், நடுவில் இருக்கும் பள்ளங்கள் வெள்ளைக் கோடாக நிற்கும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், என் அம்மாவின் நோய் எனக்குப் புரிந்ததே இந்தக் கைநாட்டை வைத்துத்தான்.

அம்மாவுக்கு வலது குதிகாலில் ஒரு கறுப்புத் திட்டு இருந்தது. 2017 வாக்கில் முதலில் பார்த்தோம், ஒரு ரூபாய்க் காசில் பாதி இருக்கும். வயலில் செருப்பில்லாமல் நடந்த கால், அதில் ஆயிரம் வெடிப்பு, ஆயிரம் கறை, யார் உற்றுப் பார்க்கிறார்கள். ஆணி என்றார்கள். மெடிக்கலில் ஆணிக்கு ஒட்டும் வட்டப் பிளாஸ்டர் வாங்கி ஒட்டினோம். பக்கத்து வீட்டு அக்கா சுண்ணாம்பு வைக்கச் சொன்னார், அதையும் வைத்தோம். ஒரு வருடம் கழித்து அது லேசாகப் பிளந்து நீர் கசிய ஆரம்பித்தது. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. அதனால் நாங்கள் போன தனியார் கிளினிக்கில் பார்த்த நிமிடமே "சுகர் புண்ணுதான், டிரஸ்ஸிங் பண்ணினா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டார்கள். எட்டு மாதம். ஒன்று விட்டு ஒரு நாள் டிரஸ்ஸிங், நடுவில் இரண்டு தடவை பிளேடால் சுரண்டி எடுத்தார்கள். சுரண்டி எடுத்த சதையை ஒரு தடவைகூடப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. அந்த டாக்டரைத் திட்டி எழுதுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் படித்த புத்தகத்திலும் மெலனோமா, அதாவது தோலின் நிறமி அணுக்களில் வரும் புற்று, என்றால் வெள்ளைக்கார முதுகில் இருக்கும் மச்சத்தின் படம்தான் இருந்திருக்கும்.

தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகுதான் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். தோல் பிரிவில் புறநோயாளி வரிசையில் இரண்டு மணி நேரம். கடைசியில் படித்துக்கொண்டிருக்கும் ஒரு சின்ன டாக்டரம்மாதான் பார்த்தார். புண்ணைப் பார்க்கவில்லை, புண்ணின் ஓரத்தைப் பார்த்தார். டார்ச் மாதிரி ஒரு கருவியை வைத்து அதன் மேல் போனை வைத்துப் படம் எடுத்தார். டெர்மாஸ்கோப் என்று பெயர். எடுத்துவிட்டு எதுவும் பேசாமல் பெரிய டாக்டரைக் கூப்பிடப் போனார். திரும்பி வந்ததும் நான் கேட்டேன், என்னம்மா அது என்று. போனைக் காட்டினார். "சார், காலிலேயும் கைரேகை மாதிரி கோடு இருக்கும் பாத்தீங்களா. சாதாரண மச்சம்னா நிறம் பள்ளத்துல மெல்லிசாத்தான் ஓடும். இங்கே மேட்டு மேலேயே பட்டை பட்டையா இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியே கைநாட்டு. மேடெல்லாம் கறுப்பு, பள்ளமெல்லாம் வெள்ளைக் கோடு, மேட்டின் மேல் வரிசையாகப் பொட்டுப் பொட்டாக வியர்வைத் துளைகள். என் மைப்பெட்டியை யாரோ அம்மா காலில் வைத்து அழுத்தி எடுத்த மாதிரி இருந்தது.

அப்புறம்தான் நான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன், மகள் இங்கிலீஷில் இருப்பதை எடுத்துப் படித்துச் சொல்வாள். இந்த மேடு பள்ளக் கணக்கைக் கண்டுபிடித்துச் சொன்னது ஜப்பானில், ஷின்ஷூ பல்கலைக்கழகத்தில் தோஷியாகி சைடா என்ற தோல் மருத்துவர். 2004இல் அவர்கள் எழுநூறுக்கும் மேற்பட்ட கை கால் மச்சங்களையும் கட்டிகளையும் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். உள்ளங்கால், உள்ளங்கை மெலனோமாக்களில் நூற்றுக்கு 86இல் நிறம் மேட்டில் இருந்தது, சாதாரண மச்சங்களில் அப்படி இருந்தது நூற்றில் ஒன்றுதான். ஜப்பான்காரர்கள் ஏன் இதில் மெனக்கெட்டார்கள் என்றால், அவர்கள் ஊரில் மெலனோமா அதிகம் வருவதே காலில்தான். அதே பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2016இல் இன்னொன்றும் சொன்னார்கள், உடம்பின் எடை எங்கே அழுந்துகிறதோ அங்கே, அதாவது குதிகாலிலும் முன்பாதத்திலும், இது அதிகம், தரையில் படாத நடுவளைவில் குறைவு என்று. வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை பாருங்கள். உள்ளங்கால் எந்த ஊரில் வெயில் காய்கிறது?

ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு வந்ததும் இந்த வகைதான், கால் பெருவிரல் நகத்துக்கு அடியில். பந்து விளையாடிப் பட்ட காயம் என்று இருந்தார்கள், 1977இல் தெரிந்தது, 1981இல் 36 வயதில் போய்விட்டார். அவர் கதையை ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள், நான் இழுக்கவில்லை.

உங்கள் கட்டுரையில் சொன்ன சன்ஸ்கிரீன் விஷயம் பொய் என்று நான் சொல்லவே இல்லை. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நம்பூர் என்று ஒரு ஊர். பெயரைக் கேட்டால் நம்ம ஊர் மாதிரியே இருக்கிறது. அங்கே 1992இல் ஆரம்பித்து சுமார் 1,600 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிப் பேரை தினமும் முகத்திலும் கையிலும் பூசச் சொன்னார்கள், மறுபாதியை இஷ்டம்போல் விட்டார்கள். நாலரை வருடம் அப்படிப் பூசினார்கள், அதற்குப் பிறகும் பத்து வருடம் விடாமல் பின்தொடர்ந்து பார்த்ததில் தினமும் பூசியவர்களுக்கு மெலனோமா பாதியாகக் குறைந்திருந்தது. அருமையான ஆராய்ச்சி, பொறுமையான ஆராய்ச்சி. ஆனால் அது செம்பட்டை முடியும் வெளுத்த தோலும் உள்ளவர்கள் வெயில் நாட்டில் குடியேறியதால் வந்த வினைக்கு மருந்து. நம் ஊரில் அது பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களுக்குக் கட்டாயம் தேவை, அவர்களுக்கு வெயில் உண்மையிலேயே எமன். மற்றவர்களுக்கு தோல் புற்று குறைவு என்பதும் சரிதான். குறைவு என்பதும் வராது என்பதும் ஒன்றா? பத்திரத்தில் ஒரு எழுத்து மாறினால் சொத்தே மாறிப்போகும்.

நம் நாட்டில் தோல் புற்று பல நேரம் வேறு வாசல் வழியாக வரும். பம்பாயில் நோய்க்குறியியல் மருத்துவர் கனோல்கர் 1945இலேயே எழுதியிருக்கிறார், வேட்டியை இடுப்பில் ஒரே இடத்தில் வருடக்கணக்காக இறுக்கிக் கட்டி, அந்த இடம் கறுத்து, தடித்து, புண்ணாகிப் புற்றாவதைப் பற்றி. வேட்டிப் புற்று என்றே அதற்குப் பெயர். சேலை கட்டும் பெண்களுக்கும் பாவாடை நாடா அறுக்கும் இடத்தில் இதே மாதிரி வந்ததைப் பின்னால் பதிவு செய்திருக்கிறார்கள். காஷ்மீரில் குளிருக்குக் காங்கிரி என்ற நெருப்புச் சட்டியை அங்கிக்குள் வைத்துக்கொள்வார்கள், வயிற்றிலும் தொடையிலும் சூடு பட்டுப் பட்டு அங்கே புற்று வரும். வங்காளத்தில் ஆர்சனிக் கலந்த கிணற்றுத் தண்ணீரால் வருகிறது. அப்புறம் பழைய தீப்புண் தழும்பு. சின்ன வயதில் அடுப்பில் வெந்த தழும்பு, இருபது முப்பது வருடம் கழித்து ஆறாத புண்ணாகத் திறந்தால் அதை வெறும் புண் என்று விடக்கூடாது. இதில் எதற்காவது சன்ஸ்கிரீன் டியூப் உதவுமா, நீங்களே சொல்லுங்கள்.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். பயாப்சி முடிவில் மெலனோமாதான், ஐந்தரை மில்லிமீட்டர் தடிமன் என்று வந்தது. இந்தத் தடிமன்தான் எல்லாம். 1970இல் அமெரிக்காவில் பிரெஸ்லோ என்ற மருத்துவர் நுண்ணோக்கியில் அளவுகோல் வைத்து, கட்டி தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அளந்தால் நோயாளியின் எதிர்காலம் தெரிந்துவிடும் என்று கண்டார். இன்றைக்கும் அறிக்கையில் அவர் பெயரில்தான் அந்த அளவு வருகிறது. ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் வெட்டி எடுப்பதோடு கதை முடிந்தது. நாலைத் தாண்டினால் கஷ்டம். நான் சென்ட் கணக்கில் நிலம் அளந்து எழுதுகிறவன், ஒரு நெல் மணியின் பருமன்கூட இல்லாத ஒரு அளவுக்குள் ஒரு உயிர் இருக்கிறது என்பதை நம்பவே நாளாயிற்று. முதலில் அந்தத் திட்டைப் பார்த்தபோது அது எத்தனை மில்லிமீட்டர் இருந்திருக்கும் என்று இன்னும் ராத்திரியில் கணக்குப் போடுகிறேன்.

அரசு மருத்துவமனையில் குதிகால் சதையை எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைத்தார்கள். நெறியையும் எடுத்தார்கள். காசு செலவில்லை, நன்றாகவே செய்தார்கள். ஒன்றரை வருடம் அம்மா கம்பு ஊன்றி நடந்தார். அப்புறம் நுரையீரலில் வந்தது.

அங்கேதான் இம்யூனோதெரபி என்ற வார்த்தையை முதல் முதலாகக் கேட்டேன். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நம் உடம்பில் எதிரியைக் கொல்லும் வெள்ளை அணுக்கள் உண்டு. அவை வரம்பு மீறி நம்மையே அடித்துவிடாமல் இருக்க அவற்றுக்கு ஒரு தடை ஏற்பாடும் உண்டு. புற்றுநோய் அந்த ஏற்பாட்டைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. எங்கள் ஆபீஸில் ஒருவன் வந்து சார்பதிவாளரிடம் தடை மனு கொடுத்துவிட்டால் நியாயமான பத்திரம்கூட நின்றுபோகும் அல்லவா, அந்த மாதிரி. அணு வந்து நிற்கும், ஆனால் வேலை நடக்காது. இந்த மருந்துகள் புற்றைத் தொடுவதே இல்லை, தடை மனுவைத் தள்ளுபடி செய்கின்றன, அவ்வளவுதான். இதற்கு அடிப்படை போட்ட அமெரிக்கர் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் ஜப்பானியர் தாசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

மெலனோமாவில்தான் இந்த மருந்துகளுக்கு முதல் அனுமதி கிடைத்தது, 2011இல் இபிலிமுமாப். அதற்கு முன்னால் உடம்பில் பரவிவிட்டால் பாதிப் பேர் ஒரு வருடம் தாண்ட மாட்டார்கள். பிறகு 945 பேரை வைத்து ஒரு பெரிய பரிசோதனை நடந்தது, இபிலிமுமாப், நிவோலுமாப் இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 43 பேர் பத்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள் என்று 2024இல் முடிவு வந்தது. பரவிய புற்றுநோயில் பத்து வருடம்! அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015இல் மெலனோமா ஈரலுக்கும் மூளைக்கும் போயிருந்தது, பெம்ப்ரோலிசுமாப் என்ற இதே வகை மருந்தைக் கொடுத்தார்கள், கதிர்வீச்சும் வைத்தார்கள், மனிதர் நூறு வயது பார்த்துவிட்டு 2024 கடைசியில்தான் போனார்.

இதைப் படித்துவிட்டுப் பெரிய டாக்டரிடம் ஓடினேன். அவர் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். வெயிலால் வரும் மெலனோமாவில் மரபணு கன்னாபின்னாவென்று சிதைந்திருக்கும், அதனால் வெள்ளை அணுக்கள் அதை அந்நியன் என்று சுலபமாக அடையாளம் காணும். காலில் வருவதில் அந்தச் சிதைவு குறைவு, அடையாளம் தெரிவது கஷ்டம், மருந்தும் அந்த அளவுக்குப் பிடிக்காது. பிறகு பார்த்தேன், சீனாவில் ஏற்கெனவே கீமோ எடுத்திருந்த சுமார் நூறு பேரிடம் பெம்ப்ரோலிசுமாப் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், அதில் பலருக்குக் கால், கை வகை. ஆறில் ஒருவருக்குத்தான் கட்டி சுருங்கியது. மேல்நாட்டுப் பரிசோதனைகளில் இது மூன்றில் ஒருவர் அளவுக்கு இருந்தது. மருந்து ஒன்றுதான், ஆனால் அதை உருவாக்கும்போது முன்னால் வைத்துப் பார்த்த நோய் எங்கள் நோய் இல்லை.

விலை? மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்ற வேண்டும். ஒரு முறைக்குச் சொன்ன தொகை அன்றைக்கு எங்கள் ஊரில் இரண்டு சென்ட் மனையின் வழிகாட்டி மதிப்பு. வீட்டை விற்கலாம் என்று நான் சொன்னேன். அம்மா கேட்டார், "ஆறுல ஒருத்தருக்குன்னு டாக்டர் சொன்னாராமே, மிச்சம் அஞ்சு பேரு வீட்டை வித்துட்டு எங்கே போனாங்களாம்?" என்று. என்னிடம் பதில் இல்லை. 2021இல் அம்மா காலமானார்.

விலைக்கு வழியே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இதே நிவோலுமாப்பை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் மட்டும், மாத்திரைக் கீமோவோடு சேர்த்து வாய், தொண்டைப் புற்று முற்றியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 151 பேர். ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 16 என்பது 43 ஆயிற்று. இது நம் நாட்டுக் கேள்விக்கு நம் நாட்டிலேயே தேடிய பதில். காலில் வரும் மெலனோமாவுக்கும் இப்படி யாராவது செய்து பார்க்க வேண்டாமா? இந்த டாடா செய்தி உங்கள் பேப்பரில் வந்ததா என்று தேடினேன், என் கண்ணில் படவில்லை. ஆனால் "புற்றுநோய்க்குத் தடுப்பூசி ரெடி" என்று மட்டும் முதல் பக்கத்தில் வந்தது. அது வராமல் தடுக்கும் ஊசியே இல்லை ஐயா. மெலனோமாவை வெட்டி எடுத்த பிறகு, அந்தந்த ஆளின் கட்டியைப் படித்து அவருக்கென்று தனியாகத் தயாரித்து, திரும்ப வராமல் இருக்கப் போடுவது. 157 பேரிடம் பெம்ப்ரோலிசுமாப்போடு சேர்த்துப் பார்த்ததில் திரும்ப வரும் அபாயமோ சாவோ நூற்றுக்கு 44 குறைந்தது. நல்ல செய்திதான், ஆனால் அந்தத் தலைப்பைப் படித்துவிட்டு என் கடைக்கு வந்த நாலு பேர், ஊசி எங்கே போடுகிறார்கள் என்று கேட்டார்கள்.

இன்னொன்று. போனில் மச்சத்தைப் படம் எடுத்தால் புற்றா இல்லையா என்று சொல்லும் செயலிகளைப் பற்றியும் உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் பாராட்டி எழுதுகிறீர்கள். அந்தக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கும் படங்கள் எங்கிருந்து வருகின்றன தெரியுமா? எல்லோரும் பயன்படுத்தும்படி பொதுவில் இருக்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தோல் படங்களை 2021இல் ஒரு குழு அலசிப் பார்த்தது. நிறம் குறித்து வைத்திருந்த படங்களே 2,436தான். அதில் மாநிறத் தோல் பத்து படம். கருத்தது ஒன்று. ஒன்றே ஒன்று. என் மகன் தன் கால் மச்சத்தைப் படம் எடுத்து, பயமில்லை என்று வந்ததாகச் சந்தோஷமாகக் காட்டினான். டேய், அது உன் தோலைப் பார்த்ததே இல்லைடா என்றேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இணைப்பிதழில் கால் பக்கம் ஒதுக்குங்கள். உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ புதிதாக வந்து பரவுகிற கறுப்புத் திட்டு, ஓரம் கோணலாக இருப்பது, ஆணி என்று நினைத்தது ஆறாமல் இருப்பது, இவற்றைத் தோல் டாக்டரிடம் காட்டச் சொல்லி எழுதுங்கள். நகத்தில் நீளவாக்கில் கறுப்புக் கோடு நம் ஆட்கள் பலருக்கு எல்லா விரலிலும் இருக்கும், அது சாதாரணம். ஒரே ஒரு விரலில் வந்து, அகலமாகிக்கொண்டே போய், நகக்கண் சதைக்கும் கறுப்பு இறங்கினால்தான் ஓட வேண்டும். சர்க்கரைப் புண் என்று மாதக்கணக்கில் கட்டுப் போட்டும் ஆறவில்லையா, ஓரத்தில் கறுப்பு இருக்கிறதா, ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க உரிமை உண்டு என்றும் எழுதுங்கள். எங்களுக்கு அந்த ஒரு கேள்வி தெரியாமல் போனதுதான் எட்டு மாதம். மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே வந்து சுகரும் பிரஷரும் பார்க்கிறார்களே, அந்த அம்மாக்கள் காலையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுப் போனால் என்ன, அதற்கு எந்திரம்கூட வேண்டாம்.

படம் கிடைக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த டாக்டரம்மா எடுத்த படத்தை அன்றைக்கே என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன். குதிகால் மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது. பிறகு ஒரு நாள் அம்மாவிடமே கேட்டேன், இதை யாருக்காவது காட்டலாமா என்று. "கால்தானே, காட்டு" என்றார். உங்கள் மின்னஞ்சலுக்கு இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் போட்டால் மொத்தக் காலும் ஒரே கறுப்பாகத்தான் அச்சாகும், மேடும் தெரியாது பள்ளமும் தெரியாது. வண்ணப் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பத்திர எழுத்தர்,
சிவகங்கை மாவட்டம்.
(பெயர் வேண்டாம், ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.)